நாகசாகியின் துபாஷிகள்: வார்த்தை தெரியும், விஷயம்?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜப்பானிய வாடிக்கையாளருக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். வாரம் ஒரு வீடியோ மீட்டிங். அவர்கள் பக்கம் ஜப்பானிய மொழி, எங்கள் பக்கம் ஆங்கிலம், நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண்மணி. மீட்டிங்குக்கு இரண்டு நாள் முன்பே ஸ்லைடுகளை அனுப்பிவிடுங்கள் என்று அவங்க ஒவ்வொரு தடவையும் கேட்பாங்க. நாங்கள் ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் ராத்திரிதான் அனுப்புவோம். ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன். ஸ்லைடில் 'டெட் லெட்டர் க்யூ' என்று இருந்ததாம். "அதற்கு ஜப்பானிய வார்த்தை எனக்குத் தெரியும், அது வேண்டாம். அந்த க்யூவில் யார் போடுகிறார்கள், யார் எடுக்கிறார்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும், அதைச் சொல்லுங்கள்" என்றார். இருபது நிமிஷம் விளக்கினேன். மறுநாள் மீட்டிங்கில் எங்கள் டீமிலேயே பாதிப் பேரை விட அவங்களுக்கு அந்த விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது.

மொழிபெயர்ப்புப் பள்ளிகளில் இதைப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். ஒரு கூட்டத்துக்குப் போகும் முன் மாணவர் அந்தத் துறையைப் படிக்க வேண்டும், சொற்பட்டியல் தயாரிக்க வேண்டும், பேச்சாளரின் பழைய பேச்சுகளைக் கேட்க வேண்டும். இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டே போனதில், ஏற்கனவே அரைகுறை ஜப்பானிய மொழியோடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு இடத்திலேயே வந்து நின்றேன். நாகசாகி. இருநூறு வருஷத்துக்கும் மேல், ஒரு நாடு முழுக்க ஐரோப்பாவோடு பேசுவதற்கு அந்த ஊரில் இருந்த சில குடும்பங்களைத்தான் நம்பியிருந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எப்படித் தயாரானார்கள், எந்த இடத்தில் அந்தத் தயாரிப்பு கைவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1641ல் ஒல்லாந்தர்களை நாகசாகித் துறைமுகத்தில் இருந்த தேஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் அடைத்தார்கள். விசிறி வடிவத் தீவு. ஒன்றரை ஹெக்டேர் இருக்கும், நம்ம ஊர் பெரிய கல்யாண மண்டப வளாகம் அளவு. கரைக்கு ஒரே ஒரு பாலம், அதில் காவல். ஐரோப்பியர்களில் இவர்களுக்கு மட்டும்தான் ஜப்பானில் வியாபாரம் செய்ய அனுமதி. தலைவராக வருகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை மாற வேண்டும் என்பது விதி, அதனால் ஜப்பானிய மொழியை உருப்படியாகக் கற்றுக்கொள்ள ஒல்லாந்தர்களுக்கு நேரமே கிடைக்காது. ஆக, பேச்சு முழுக்க ஜப்பானியத் துபாஷிகள் வழியாக. அவர்களுக்கு 'ட்ஸூஜி' என்று பெயர். 'துபாஷி' என்ற வார்த்தையை நான் வேண்டுமென்றேதான் போடுகிறேன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொண்டால் பாதி சரியாக வரும். ஆனால் பிள்ளைக்குச் சொந்த வியாபாரமும் செல்வாக்கும் இருந்தது. நாகசாகிக்காரர்கள் நகர ஆளுநருக்குக் கீழே சம்பளம் வாங்கும் பரம்பரை ஊழியர்கள்.

நிஷி, மோதோகி, யோஷியோ, நரபயாஷி, ஷிசுகி, இமாமுரா என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அப்பாவுக்குப் பின் பிள்ளை. பிள்ளை சரியாக வரவில்லையென்றால் கெட்டிக்காரப் பையன் ஒருவனைத் தத்தெடுத்துக்கொள்வார்கள். மேலே பெரிய துபாஷிகள், அடுத்து சின்னத் துபாஷிகள், கீழே 'கெய்கோ ட்ஸூஜி', அதாவது பயிற்சித் துபாஷிகள். நம்ம மாணவர்கள் இவர்கள்தான்.

மொழிப் பாடம் எப்படி நடந்தது என்று ஓட்ஸுகி கென்தாகு என்ற மருத்துவர் 1788ல் வெளியிட்ட 'ரங்காகு கைதெய்' என்ற நூலில் எழுதி வைத்திருக்கிறார். முதலில் அரிச்சுவடி. அடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகம். பிறகு உரையாடல்கள். அதற்கு டச்சுப் பெயரையே ஜப்பானிய உச்சரிப்பில் 'சாமென்ஸ்பிராக்கா' என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக 'ஓப்ஸ்டெல்லென்', சொந்தமாக டச்சில் எழுதிப் பழகுவது. எழுதியதை மூத்தவர்கள் திருத்துவார்கள், தீவில் இருக்கும் ஒல்லாந்தரிடமும் காட்டித் திருத்திக்கொள்வார்கள்.

இதில் துறை அறிவு எங்கே என்று கேட்பீர்கள். அதைக் கப்பல்தான் சொல்லிக்கொடுத்தது.

கோடையில் ஒல்லாந்துக் கப்பல் வரும். வந்த உடனே துபாஷிகளுக்கு வேலை ஆரம்பம். ஆட்கள் பட்டியல், சரக்குப் பட்டியல், விலைப் பேச்சு, ஏலம். சரக்கு என்றால் பட்டு, சர்க்கரை, மான் தோல், சாயம் எடுக்கும் மரக்கட்டை, வாள் பிடியில் சுற்றுகிற திருக்கை மீன் தோல், துணி வகைகள். ஒவ்வொன்றுக்கும் தரம் இருக்கிறது, அளவு இருக்கிறது, ஏமாற்று வேலையும் இருக்கிறது. இங்கே நமக்கு ஒரு சின்னத் தொடர்பு வருகிறது. கோடுபோட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு ஜப்பானில் 'சந்தோமே' என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி, பெயர் நம்ம மயிலாப்பூர் பக்கத்து சாந்தோம்! எடோ நகரத்துக் கடைக்காரன் சந்தோமே என்று சொன்னபோது அது ஒரு ஊர் என்று அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். நாகசாகிப் பயிற்சித் துபாஷிக்கோ, அந்தத் துணியைக் கையில் தொட்டு, இது எது, பக்கத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் பிழைப்பு. இதற்கு எந்த அகராதி உதவும்? பெரியவர் பின்னாலேயே கிடங்குக்குப் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதே ஊரில் சீன வியாபாரிகளுக்காகத் தனியாக ஒரு துபாஷிக் கூட்டமும் இருந்தது. அவர்களிடம் 'யாக்கா ஹித்சுபி' என்று ஒரு பாடநூல் உண்டு. மொழிபெயர்க்கும் குடும்பத்தில் அவசியம் இருக்க வேண்டியது என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னவென்றால், அது இலக்கணப் புத்தகம் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதன்முதலாகச் சீனர் குடியிருப்புக்குள் போவது, கப்பல் வந்தால் என்னென்ன நடக்கும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வேலையையே உரையாடலாக எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கிறவனுக்கு மொழியும் நடைமுறையும் ஒன்றாகவே மண்டையில் ஏறும். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் புது ஆட்களுக்கு நாம் கொடுக்கும் ஆவணங்களை நினைத்து வெட்கப்பட்டேன்.

சரக்கு தவிர இன்னொரு வேலை, செய்தி. கப்பல் வந்ததும் உலகத்தில் என்ன நடக்கிறது என்று ஒல்லாந்தத் தலைவரைக் கேட்டு, ஜப்பானிய மொழியில் எழுதி, முத்திரை வைத்து எடோவில் இருக்கும் ஷோகன் அரசுக்கு அனுப்ப வேண்டும். 'ஃபூசெட்சுகாகி' என்று பெயர். இந்த இடத்தில் துபாஷி வெறும் குழாய் இல்லை. எந்தச் செய்தியை எப்படிச் சொன்னால் மேலே இருக்கிறவர்களுக்குச் சங்கடம் வராது என்று பார்த்து, தலைவரோடு உட்கார்ந்து பேசி எழுதுவார்கள். ஐரோப்பிய அரச குடும்பங்கள், போர்கள், யார் யாருக்கு மாமனார் என்பதெல்லாம் இவர்களுக்கு வருஷா வருஷம் படிக்க வேண்டிய பாடம்.

ஆனால் உண்மையான பரீட்சை எடோ பயணம்தான். ஒல்லாந்தத் தலைவர் வருஷம் ஒரு முறை (1790க்குப் பிறகு நாலு வருஷத்துக்கு ஒரு முறை) ஷோகனைப் பார்த்து மரியாதை செலுத்தப் போக வேண்டும். கூடவே துபாஷிகள். எடோவில் நாகசாகியா என்ற சத்திரத்தில் தங்குவார்கள். அங்கே மருத்துவர்கள், வானியல்காரர்கள், ஆர்வக்கோளாறு பிடித்த பிரபுக்கள் என்று கூட்டம் வந்து கேள்வி மேல் கேள்வி கேட்கும். துணியையும் சர்க்கரையையும் பற்றிப் பேசிப் பழகின வாய் திடீரென்று கல்லீரலையும் கிரகணத்தையும் பற்றிப் பேச வேண்டும்.

இப்படி வந்தவர்களில் ஒருவர் சுகிதா கென்பாகு. பின்னாளில் பெரிய பேர் வாங்கிய மருத்துவர். 1766ல் நண்பர் மாயனோ ரியோதாகுவோடு சத்திரத்துக்குப் போய், டச்சு மொழி கற்றுக்கொள்ள வேண்டும் என்று பெரிய துபாஷி நிஷி ஸென்சபுரோவிடம் கேட்டார். நிஷி சொன்ன பதிலை சுகிதா தன் கடைசிக் காலத்தில் எழுதிய நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். நிஷி சொன்னது சுருக்கமாக இதுதான்: 'குடி' என்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்க வேண்டுமானால், கிண்ணத்தை வாயில் வைப்பதுபோல ஜாடை காட்டினால் போதும், ஒல்லாந்தன் சொல்லிவிடுவான். ஆனால் குடியில் பிரியம் உள்ளவன் என்பதை எப்படிக் கேட்பாய்? நிறையக் குடிப்பதுபோல ஜாடை காட்டலாம். ஆனால் நிறையக் குடிக்கிறவனுக்கும் பிரியம் இல்லாமல் இருக்கலாம், கொஞ்சமாகக் குடிப்பவனுக்கும் பிரியம் இருக்கலாம். பிரியம் மனசுக்குள் இருப்பது, கையால் காட்ட முடியாது. அதற்கு 'ஆன்ட்ரெக்கென்' என்று ஒரு சொல் உண்டு. துபாஷிக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே அதைக் கேட்டுக்கொண்டிருந்தும், அதன் உள்ளர்த்தம் எனக்குப் பிடிபட்டது ஐம்பதை எட்டிய பிறகு, இந்தத் தடவை எடோவுக்கு வரும் வழியில்தான். உங்களுக்கு எதற்கு இந்த வேலை, விட்டுவிடுங்கள்!

சுகிதா அப்போதைக்கு விட்டுவிட்டார், மாயனோ விடவில்லை. 1774ல் அவர்கள் டச்சு உடற்கூறு நூல் ஒன்றை ஜப்பானிய அறிஞர்களுக்காக மொழிபெயர்த்து 'கைதாய் ஷின்ஷோ' என்று வெளியிட்டார்கள். பெருமை முழுக்க எடோ மருத்துவர்களுக்குப் போய்விட்டது. துபாஷிகளை வெறும் வாய்ப்பேச்சுக்காரர்கள் என்று சொல்லும் வழக்கமும் அதோடு வந்தது. இது அநியாயம் என்பது என் கட்சி. அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவரே நாகசாகித் துபாஷி யோஷியோ கோக்யூதான். தீவுக்கு வந்த மருத்துவர்களுக்கு மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டு, வீட்டில் நோயாளிகளைப் பார்த்து, சீடர்களையும் வைத்திருந்தவர். 1775ல் வந்த சுவீடன் தாவரவியலாளர் துன்பெர்க்கிடம் மேகநோய்க்குப் பாதரச மருந்து கொடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டதும் இவர்தான்.

மோதோகி ரியோயெய் என்ற துபாஷி வானியலில் இறங்கி, சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கருத்தை ஜப்பானிய மொழியில் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். கோளுக்கு இன்றைக்கும் ஜப்பானியர்கள் சொல்லும் 'வாகுசெய்' அவர் பயன்படுத்திய சொல். ஷிசுகி தாதாவோ இன்னும் விசித்திரம். தத்துப்பிள்ளையாக அந்தக் குடும்பத்துக்கு வந்தவர், உடம்பு சரியில்லை என்று சொல்லி இளம் வயதிலேயே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தார். நியூட்டனின் சீடரான ஜான் கீல் எழுதிய நூலின் டச்சுப் பதிப்பைப் பல வருஷம் மல்லுக்கட்டி மொழிபெயர்த்து 1802ல் முடித்தார். ஈர்ப்பு விசைக்கு 'ஜூரியோகு', மையவிலக்கு விசைக்கு 'என்ஷின்ரியோகு', எல்லாம் அவர் செய்த சொற்கள். இன்றைக்கு டோக்கியோவில் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவது அதைத்தான். விஷயம் புரியாமல் சொல் செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு படித்தும் ஒரு தப்புக்கு என்ன விலை என்று பாருங்கள். 1790ல் கற்பூர ஏற்றுமதி பற்றிய ஒரு விஷயத்தில் மொழிபெயர்ப்பு தவறாகிவிட்டது. அதில் யோஷியோ கோக்யூவும் மாட்டினார். வயது அறுபத்தைந்துக்கு மேல், ஊரே கொண்டாடும் மருத்துவர். பதவி பறிபோய், ஐந்து வருஷம் வீட்டுச் சிறை.

அடுத்த அடி 1808ல். அக்டோபரில் ஒல்லாந்துக் கொடியோடு ஒரு கப்பல் வந்தது. வரவேற்கப் போன இரண்டு ஒல்லாந்தர்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. பார்த்தால் அது 'ஃபேட்டன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். தண்ணீரும் உணவும் மிரட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டது. நாகசாகி ஆளுநர் மாட்சுதைரா யாசுஹிதே பொறுப்பேற்று வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். ஒல்லாந்தம் மட்டும் தெரிந்தால் போதாது என்று அரசுக்கு உறைத்தது. மறு வருஷம் துபாஷிகளுக்கு உத்தரவு: ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் படியுங்கள்.

யாரிடம் படிப்பது? நாட்டில் ஓர் ஆங்கிலேயனும் இல்லை. தீவில் இருந்த யான் கோக் பிளோம்ஹோஃப் என்ற ஒல்லாந்தருக்கு ஆங்கிலம் தெரியும். அவரிடம் படித்து, 1814ல் சுமார் 6,000 சொற்கள் கொண்ட ஆங்கில அகராதியே தயாரித்துவிட்டார்கள். ஒல்லாந்து வாடை அடிக்கும் உச்சரிப்போடு. பேசிப் பார்க்க ஆளே இல்லாமல் முப்பது நாற்பது வருஷம் அந்த ஆங்கிலம் புத்தகத்திலேயே இருந்தது.

1848ல் ஆள் வந்தார். ரானல்ட் மெக்டொனால்ட், அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா வட அமெரிக்காவின் சினூக் பழங்குடி. திமிங்கிலக் கப்பலிலிருந்து ஒரு சின்னப் படகில் இறங்கி, கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவன் மாதிரி நடித்து ஜப்பானுக்குள் நுழைந்தார். பிடித்து நாகசாகிக்குக் கொண்டுவந்து ஒரு கோயில் வளாகத்தில் காவலில் வைத்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் 14 துபாஷிகள். ஒவ்வொருவராக ஆங்கிலம் படித்துக் காட்ட, அவர் திருத்துவார். சுமார் ஏழு மாதம். 1849 ஏப்ரலில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து அவரைக் கூட்டிப்போய்விட்டது. மாணவர்களில் முதல் இடம் மோரியாமா எய்னோசுகேவுக்கு என்று மெக்டொனால்டே எழுதியிருக்கிறார்.

1853 ஜூலையில் கமடோர் பெர்ரியின் அமெரிக்கக் கப்பல்கள் உராகாவில் வந்து நின்றபோது, படகிலிருந்து ஹோரி தாட்சுனோசுகே என்ற துபாஷி கூவிய முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தது: எனக்கு டச்சு பேசத் தெரியும்! அதற்கு மேல் பேச்சு டச்சில். அடுத்த வருஷப் பேச்சுவார்த்தைக்கு மோரியாமா வந்துவிட்டார். அவரது ஆங்கிலத்தைப் பெர்ரியின் ஆட்களே மெச்சினார்கள். ஆனாலும் பேரம் பெரும்பாலும் டச்சில்தான் நடந்தது. 1854 மார்ச் 31ல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதன் 11ஆவது பிரிவில்தான் வினை. ஷிமோதா என்ற ஊரில் அமெரிக்கத் தூதர் ஒருவர் தங்கலாம் என்பது விஷயம். எப்போது? இரண்டு அரசுகளில் ஏதாவது ஒன்று அவசியம் என்று நினைத்தால் என்கிறது ஆங்கிலப் பிரதி. இரண்டு அரசுகளுக்கும் தவிர்க்க முடியாத நிலை வந்தால் என்று படிக்கும்படி இருக்கிறது ஜப்பானியப் பிரதி. 1856 ஆகஸ்டில் டவுன்சென்ட் ஹாரிஸ் மூட்டை முடிச்சோடு வந்து இறங்க, ஷிமோதா அதிகாரிகள் நீங்கள் ஏன் வந்தீர்கள், போய்விடுங்கள் என்றார்கள். அவர் போகவில்லை. ஒரு கோயிலில் கொடியை ஏற்றிவிட்டார்.

இந்தத் தப்பை மோரியாமா தலையில் மட்டும் கட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆங்கிலம், டச்சு, சீனம், ஜப்பானியம் என்று நாலு மொழிகளில் பிரதிகள், பல கைகள். வேண்டுமென்றே மழுப்பியிருக்கலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஹாரிஸ் ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கும் விஷயம். இந்தத் துபாஷிகள் பேசும் டச்சு, 250 வருஷத்துக்கு முந்தைய கப்பல் தலைவர்களும் வியாபாரிகளும் பேசிய டச்சு. நடுவில் ஒரு புதுச் சொல்கூட அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் ஒப்பந்தங்களில் வரும் சொற்கள் எதுவுமே தெரியவில்லை என்கிறார். கொஞ்சம் மிகைதான். ஈர்ப்பு விசைக்கும் பாதரச மருந்துக்கும் இவர்கள் சொல் கண்ட கதையை மேலே பார்த்தோம். ஆனால் கடைசி வரி உண்மை. கப்பல் கொண்டுவந்த சரக்கை, கப்பல் மருத்துவர் கொண்டுவந்த வைத்தியத்தை, புத்தகத்தில் வந்த வானியலைத் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். தூதர் என்றால் யார், அவருக்கு என்ன உரிமை, ஏன் அவரைக் கைது செய்யக் கூடாது என்பதெல்லாம் தேஜிமா பாலத்தைத் தாண்டி வரவே இல்லை. அப்படி ஒரு ஆளை அந்த நாடு பார்த்ததே கிடையாதே!

அதனால் 1857 கடைசியில் ஹாரிஸ் எடோ போனபோது விநோதமான காட்சி. எதிராளியே வாத்தியார். அயல்நாட்டுத் தூதர்களின் கடமை என்ன, உரிமை என்ன என்று ஜப்பானிய அதிகாரிகள் கேட்க, ஹாரிஸ் பாடம் எடுக்க, அவரது ஒல்லாந்து உதவியாளர் ஹென்றி ஹியூஸ்கன் டச்சில் சொல்ல, மோரியாமா ஜப்பானிய மொழியில் சொன்னார். பேரம் பேச வந்தவரிடமே பாடம் கேட்டால் பாடம் யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. 1858 ஜூலையில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில், ஆங்கிலம், ஜப்பானியம், டச்சு மூன்றிலும் பிரதிகள் இருந்தாலும் டச்சுப் பிரதியே மூலம் என்று எழுதினார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் போட்ட ஒப்பந்தத்துக்கு மூலப் பிரதி மூன்றாம் நாட்டு மொழியில்.

மோரியாமாவுக்கு எடோவில் மூச்சுவிட நேரமில்லை. 1859ல் ஃபுகுசாவா யூகிச்சி என்ற இளைஞர், வருஷக்கணக்கில் படித்த டச்சு யோகோஹாமா கடைத்தெருவில் செல்லுபடியாகவில்லை என்று கண்டு நொந்துபோய், ஆங்கிலம் சொல்லித்தரச் சொல்லி அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். காலையில் வா என்பார், போனால் அரசு அழைப்பு. மாலையில் வா என்பார், போனால் விருந்தாளி. இரண்டு மூன்று மாதம் இப்படியே போக, ஃபுகுசாவா ஒரு ஆங்கில-டச்சு அகராதியை வாங்கிக்கொண்டு தானே படிக்க உட்கார்ந்தார்.

1862ல் ஜப்பானியத் தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளராக ஃபுகுசாவா ஐரோப்பா போனார். மோரியாமாவும் பின்னால் வந்து லண்டனில் சேர்ந்துகொண்டார். ஃபுகுசாவா அங்கே நீராவி இயந்திரத்தைப் பற்றியெல்லாம் அதிகம் விசாரிக்கவில்லை, அது புத்தகத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு யார் பணம் தருகிறார்கள், வங்கியில் பணம் எப்படி உள்ளே போய் வெளியே வருகிறது, தபால் எப்படி நடக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும் கேள்விகளாகக் கேட்டு, பாரிஸில் வாங்கிய ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். பாராளுமன்றக் கட்சிகள்தான் அவரை ரொம்பப் படுத்தின. இவர்கள் இரண்டு பேரும் எதிரிகள் என்கிறார்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இது என்ன கணக்கு என்று புரிய அவருக்குப் பல நாள் ஆனதாம்.